பெயிண்ட் போகாமல் ஒரு எர்த்

மாமா தன் காரைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவிட்டார். எனவே அந்த வீட்டுக்கு என் அக்கா இரண்டாவதாக வந்தவள். இதை அவள் குறையாகச் சொல்வதில்லை, தகவலாகச் சொல்வாள். சீட்டுகளின் மேல் கம்பெனி போட்டனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. வெயில் காலத்தில் இறங்கும்போது முதுகை அதிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். "வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்போம்" என்பார் மாமா, எங்கள் முதுகைப் பார்க்காமலே.

அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். க்ளட்சை எப்போது விடுவது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. டிக்கியில் மாமா தானே பொருத்திய பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு பாட்டைப் போட்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணு, பாட்டு ஆரம்பிச்சதும் மூணாவது 'தும்'முக்குக் கால விடு" என்றார். அக்கா விட்டாள். வண்டி வெண்ணெயாக நகர்ந்தது. அன்று முதல் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவளுடைய இடது கால் வேலைநிறுத்தம் செய்யும். உலகத்தில் எல்லாரும் கண்ணால் பார்த்துக் கார் ஓட்டுகிறார்கள். அக்கா காதால் ஓட்டினாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் மற்றவர்களின் முட்டியை மடக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டவில்லையென்றால் அந்த முட்டிகள் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

முதல் டெஸ்டில் அக்கா பாட்டோடு அருமையாக ஓட்டினாள். ஆனால் ஒவ்வொரு 'தும்'முக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி அதைச் சிறிது நேரம் ரசித்தார்.

"பாட்டு போடக் கூடாதுன்னு விதியில இல்லம்மா. லைட்டு இப்படிக் கண்ணடிக்கக் கூடாதுன்னு இருக்கு. சரிபண்ணிட்டு வெள்ளிக்கிழமை வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, வெள்ளிக்கிழமை லைசென்ஸ் வரலைன்னா அந்த ஸ்பீக்கர் பெட்டி வெளிய போகும். தனியா போறதுக்கு அதுக்குப் பயமா இருந்தா நீங்களும் துணைக்குப் போகலாம்."

மாமா ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பதால் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயர் ஒல்லி என்றார். கட்டைவிரல் தடிமனில் சிவப்பு ஒயர் போட்டார். லைட் மங்கியது. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று புது பேட்டரி மாட்டினார். லைட் புத்துணர்ச்சியோடு மங்கியது. கடைசியாக, "வண்டிக்கு வயசாயிடுச்சு சார்" என்றார். மாமா அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வாசலையும் சாத்தினார்.

அடுத்தது நான். எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் ஃப்யூஸ் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் டார்ச் பிடிப்பேன், அப்பா மாற்றுவார். வியாழன் மாலை நான் மீட்டரோடு போனபோது மாமா என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"மச்சான், மோதிரம் எதுவும் போடலியே? பெயிண்ட்ல பட்டுடும்."

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தேன். இன்னொன்றை வைக்கக் காரின் உடம்பில் வெறும் இரும்பு வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அந்தக் காரில் வெறும் இரும்பு அகப்படவில்லை. கடைசியில் பானட் கீலுக்குள் ஒரு போல்ட் தலை கிடைத்தது. அக்கா பாட்டைப் போட்டாள். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே வோல்ட் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு 'தும்'முக்கும் இரண்டு வோல்ட் காட்டியது.

"மாமா, கரண்டு போற வழியையே எல்லாரும் அகலப்படுத்தினீங்க. அது பேட்டரிக்குத் திரும்பியும் வரணும். அந்த வழியில என்னமோ அடைச்சிருக்கு. விருந்துக்கு ஊரையே கூப்பிட்டுட்டு, வெளிய போற கதவப் பூட்டின மாதிரி."

திரும்பி வரும் வழி என்பது பேட்டரியின் மைனஸிலிருந்து வந்து காரின் உடம்பில் திருகப்பட்டிருந்த கறுப்பு ஒயர்தான். எர்த் என்பார்கள். போல்ட்டைக் கழற்றினேன். ஒயரின் வளையத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவே பச்சைக் கம்பளித் துணி ஒன்று, வட்டமாக, அளவெடுத்து வெட்டி வைத்ததுபோல இருந்தது. வெட்டித்தான் வைத்திருந்தார்கள்.

அக்கா அதை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தரை கீறாமலிருக்க நாற்காலிக் கால்களின் அடியில் ஒட்டுகிற துணி அது. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"ஒயர் உரசி பெயிண்ட் போயிடக் கூடாதுல்ல."

"பானட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியும்ல."

கரண்டெல்லாம் போல்ட்டின் மரை வழியாக மட்டும் கசிந்து வந்திருக்கிறது. துணியை எடுத்தால் போதாது, அடியில் உள்ள பெயிண்டையும் சுரண்ட வேண்டும் என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு காசு அளவு."

"எந்தக் காசு?"

கையிலிருந்த சில்லறையைக் கொட்டி, இருப்பதில் சிறியதை எடுத்து நீட்டினார். பிறகு உப்புத்தாளை வாங்கிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார்.

"மச்சான், நீயே பண்ணேன்."

"ஆயுசு முழுக்க சொல்லிக் காட்டுவீங்க மாமா."

"நாளைக்குக் காலையில நிதானமா..."

"நாளைக்குத்தான் டெஸ்ட்" என்ற அக்கா, இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக் கர்ரென்று ஓர் இழுப்பு இழுத்தாள். ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையைப்போல மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முடிஞ்சுதா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

ஒயரைத் திரும்ப முடுக்கினேன். மீட்டர் அசைய மறுத்தது. ஹெட்லைட் கோயில் சிலைபோல நிலைகுத்தி எரிந்தது. பெட்டி முழு பலத்தோடு அதிர்ந்ததில் பிளாஸ்டிக் உறையெல்லாம் தேனீக்கூடாக ரீங்கரித்தது. கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. லைட்டுதானே பிரச்சினை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் மாமாவும் மதிலோரம் நின்றோம். பாட்டு தொடங்கியது. லைட் மங்கவில்லை. மூன்றாவது 'தும்'முக்கு அக்கா காலை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் முதல் இரண்டு 'தும்'மிலேயே வோல்ட் இறங்கிப் பெட்டி மூச்சடங்கி, அடுத்த இரண்டு 'தும்'மை விழுங்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. அக்கா கற்ற மூன்றாவது 'தும்', பாட்டில் ஐந்தாவது. இப்போது எல்லாம் ஒழுங்காகக் கேட்டதால், ஆக்சிலரேட்டரைத் தொடுவதற்குள் மூன்று வந்துவிட்டது.

"இன்னும் ஒரு தடவைதாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், சீட்டு உறை அதிர்ந்து முதுகு கூசியதால் நெளிந்துகொண்டே.

மதிலோரமிருந்து 'ஐந்து' என்று விரலைக் காட்டினேன். அக்கா அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு பட்டென்று பாட்டை அணைத்தாள். கண்ணாடி இறக்கியிருந்ததால் அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"தும். தும்." நடுவில் நீண்ட மௌனம். "தும்."

வண்டி வெண்ணெயாக நகர்ந்தது.

"என்னம்மா சொல்றீங்க?"

"எண்ணுறேன் சார்."

"எண்ணுங்க, எண்ணுங்க."

மைதானத்தைச் சுற்றி வந்து, பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நிறுத்தினாள். கடைசி வளைவில் இன்ஸ்பெக்டரும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இறங்கியதும், "லைசென்ஸ் இன்னைக்கே கிடைச்சுடும். பாட்டு இல்லாமலே நல்லா ஓட்டுறீங்களே" என்றார்.

மாமா வீடு வந்து சேர்ந்து, பானட்டைத் திறந்து, காசு அளவு இரும்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாட்டே போடலைன்னா லைட்டும் மங்கியிருக்காது" என்றார் மெல்ல. "அப்போ சுரண்டியிருக்கவே வேண்டாம்ல."

அக்கா ஓட்டுநர் சீட்டில் குனிந்து அதே சாவியால் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.