இரவு தங்கக் கூடாத துப்பாக்கி

"எங்கப்பாவோட துப்பாக்கி உங்ககிட்டதானே இருந்தது?" என்று வெர்லினின் மகள் மார்லிஸ் ஃபோனில் கேட்டாள். இல்லையே, சனிக்கிழமைதோறும் கொண்டுவருவார், வேலை முடிந்ததும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றேன். அப்பா போய்விட்டார் என்றாள். நேற்று. தன் கையாலேயே, அந்தத் துப்பாக்கியால்.

நான் கராஜில் நின்றுகொண்டிருந்தேன். பொறிப்பு எந்திரம் ஒரு இரும்புத் தகட்டில் யாருக்கோ எல்க் மானின் கொம்பை வரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மான் முழுதாக வந்து முடிந்தது. அதுவரை ஃபோனைக் காதில் வைத்தபடியே இருந்திருக்கிறேன். அவள் எப்போது வைத்தாள் என்று தெரியாது.

நான் வேலை பார்த்த வால்வு ஃபேக்டரியை மூடியபோது கொடுத்த பணத்தில் வாங்கிய எந்திரம் அது. எங்கள் மொன்டானாவில் துப்பாக்கி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துப்பாக்கியில் பேர் போடு, வாத்து போடு, மலை போடு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், கராஜிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அதைத் தொழிலாகச் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பம், கைரேகை, போட்டோ, இந்த வீட்டில் தொழில் நடத்தலாம் என்று உள்ளூர் அலுவலகத்தின் கடிதம், கடைசியில் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பது. இதெல்லாம் முடிகிறவரை ஒரு சென்ட் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். தெரிந்தவர்களுக்கு இலவசமாகச் செய்து கையைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு முடிவும் எடுத்திருந்தேன். லைசென்ஸ் வைத்திருப்பவர், இரவு தங்கும் துப்பாக்கியைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசாங்கப் புத்தகத்தில் இருந்தது. என்னிடம் லைசென்ஸும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆகவே எதுவும் இரவு தங்கக் கூடாது. ஆளில்லாத சாலையில்கூட இண்டிகேட்டர் போடுகிறவள் லோர்னா என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று பெருமையாகத்தான் இருந்தது.

வெர்லின் பிப்ரவரியில் வந்தார். ஆற்று வளைவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். அவருடைய மனைவி ஆர்டித் போன இலையுதிர்காலத்தில் புற்றுநோயில் இறந்துபோனாள். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். குழலுக்குப் பின்னால் இருபுறமும் இருக்கும் பக்கத் தகட்டில் ஆறும், அதன்மேல் பறக்கும் காட்டு வாத்துகளும் வேண்டுமாம். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம், காபி குடித்துக்கொண்டு உட்காருங்கள் என்றேன். அவர் முகம் வாடியது. என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டிருந்ததில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ரெண்டு மூணு நாள் ஆகாதாம்மா? இங்கயே விட்டுட்டுப் போறேனே."

"ராத்திரி இங்க தங்கக் கூடாது வெர்லின். லைசென்ஸ் வரல. மாட்டினா என் பொழப்பு போச்சு."

"உன்னை யாரு வந்து பிடிக்கப் போறா? நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க திறக்காட்டியும் நானே போய் சொல்லிடுவேன். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே."

சிரித்தார். வேலை முடிகிறவரை உட்கார்ந்திருந்து எடுத்துப் போனார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். இன்னும் மூன்று வாத்து வேண்டுமாம். அதற்கடுத்த வாரம் கரையில் நாணல். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் வரிசை எண்ணில் கீறல் படக் கூடாது என்று அதன்மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் எந்திரத்தில் பொருத்துவேன். எண்ணில் கை வைத்தால் ஜெயில். அவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆர்டித்துக்கே இவ்வளவு வாத்து பிடிக்காது என்று நான் கிண்டல் செய்வேன்.

நான்காவது சனிக்கிழமை தகட்டில் இடமே இல்லை. பதினோரு வாத்து ஆகியிருந்தது. இனி ஒன்று போட்டாலும் அசிங்கமாகிவிடும் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாத்து வேணாம்மா. ஒரு மாசம் சும்மா இங்க இருக்கட்டுமே."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எத்தனை தடவை சொல்வது? இது என்ன கிடங்கா என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே கம்பளியில் சுற்றி, நானே அவருடைய டிரக்கில் கொண்டுபோய் வைத்தேன். இந்தக் கையால் வைத்தேன். அதை எந்தச் சோப்பு போட்டுக் கழுவுவது?

மிச்சத்தை மார்லிஸ் அடக்கத்தன்று சொன்னாள். வீட்டில் துப்பாக்கியே இருக்கக் கூடாது என்று டிசம்பரிலேயே டாக்டர் சொல்லியிருக்கிறார். வெர்லின் மற்றவற்றை விற்றுவிட்டார். ஆர்டித் கொடுத்ததை விற்க மனம் வரவில்லை. ஏன் என்று காரணம் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்கவும் வாய் வரவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், தங்களுக்கு என்றால் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். மகள் ஃபோனில் கேட்டபோதெல்லாம், "லோர்னா வாத்து செதுக்குறா, இன்னும் முடியல" என்றிருக்கிறார். அவளும் நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். டுவெட் என்ற அம்மாள், சாந்தமான முகம். துப்பாக்கி வைப்பதற்கான இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். கடைசியாக, இதுவரை ஏதாவது துப்பாக்கி இங்கே இரவு தங்கியிருக்கிறதா என்றார்.

இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. வெர்லின் முதல் முறை கேட்டதிலிருந்து டிரக்கில் கொண்டுபோய் வைத்ததுவரை கொட்டிவிட்டேன். நீ சரியாகத்தான் நடந்துகொண்டாய் என்று அந்த அதிகாரி வாயால் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது எனக்கு. அதற்காகத்தான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "காசு ஏதாவது வாங்கினீங்களா?"

"ஒரு சென்ட் வாங்கல."

"அப்போ அது தொழிலே இல்லைங்க. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர், கொஞ்ச நாள் வச்சிருங்கன்னு கேட்டிருக்கார். அதைத் தடுக்கற விதி எங்ககிட்ட கிடையாது."

"ஒரு ராத்திரி வச்சிருந்திருந்தா?"

"ஒரு வருஷமே வச்சிருக்கலாம்."

வெர்லின் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் பக்கத்தில் இருந்தது. அதில் உட்கார மனம் வராமல் எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த விதிக்காக அந்த மனிதரைத் திருப்பி அனுப்பினேனோ, அது என்னைத் தடுக்கவே இல்லை. புத்தகத்தை ஐம்பது முறை படித்தவள் நான். டுவெட் ஏதோ ஆறுதலாகச் சொன்னார், காதில் விழவில்லை.

மே மாதம் லைசென்ஸ் வந்தது. அந்த வாரமே மார்லிஸ் வந்தாள். ஷெரிஃப் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்த துப்பாக்கியை அதே கம்பளியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். அதைப் பார்க்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

புதுப் பதிவேட்டைப் பிரித்து முதல் வரியில் தேதி எழுதினேன். வரிசை எண்ணுக்குக் கம்பளியை விலக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு சனிக்கிழமை டேப் ஒட்டிய எண், மனப்பாடம். யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற கட்டத்தில் கை தானாக வெர்லின் பெயரை எழுதிவிட்டது. பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு மேலே திருத்த வேண்டும் என்பது விதி. அவர் பெயரின் குறுக்கே கோடு போட்டு, மேலே அவர் மகளின் பெயரை எழுதினேன்.

துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அன்று இரவு அது என் வீட்டில்தான் தங்கியது.