நாலாம் நம்பரின் மரண வாக்குமூலம்

எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஏழு சர்வர்கள். அவற்றில் நாலாம் நம்பர் மட்டும் செவ்வாய்க்கிழமைகளில் செத்துப்போகும். பேசிக்கொண்டே இருந்தவர் வாய் திறந்தபடி உறைந்துபோன மாதிரி அப்படியே நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்துத் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஆனால் அது எழுந்து, தன் கணக்கு வழக்கைச் சரிபார்த்து, மறுபடி வேலைக்கு வர இருபது நிமிடம் பிடிக்கும். அந்த இருபது நிமிடமும் மாடியில் சோதனை முடிவுக்காக உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் லேப் அக்காவைத் திட்டுவார்கள். அக்கா போனை எடுத்து என்னைத் திட்டுவார். நான் யாரைத் திட்டுவது?

ஏழுக்கும் நான் ஒருவனே பொறுப்பு. பதினோரு வருடமாகப் பெரிய குறையில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் நாலாம் நம்பருக்கு என்ன என்று கண்டுபிடிக்காவிட்டால் எல்லா சர்வரையும் வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதற்கு என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கு நாகரிகம் உண்டு.

இத்தனைக்கும் முதல் தடவை அது நின்றதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அன்று சர்வர் அறையில் ஏ.சி. மூன்று மணி நேரம் ஓடவில்லை. உள்ளே போனால் முகத்தில் அனல் அடித்தது. சூட்டில் நின்றது, ஏ.சி. ஓடியதும் எழுந்தது. அதையேதான் பழுது அறிக்கையில் 'மூல காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன். மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஏ.சி. பராமரிப்புப் பிரிவோடது. நம்ம படிவத்துல அவங்க காரணம் எப்படி வரும்? மெஷினுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாருங்க."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உண்மையைச் சொன்னால், ரொம்ப நாளாகச் செய்து பார்க்க ஆசைப்பட்ட ஒரு வேலைக்கு அது நல்ல சாக்காகக் கிடைத்தது.

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் பகுதிக்கு கெர்னல் என்று பெயர். அது வேலை செய்துகொண்டே முணுமுணுக்கும். டிஸ்க் வந்தது, நெட்வொர்க் போனது, மெமரி போதவில்லை என்று ஒவ்வொன்றையும் வரி வரியாக எழுதிவைக்கும். வழக்கமாக அந்த வரிகள் டிஸ்கில் போய்ச் சேரும். ஆனால் திடீரென்று செத்தால், கடைசியாகச் சொன்னது டிஸ்க் வரை போகாது. நமக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வரிதான். அதனால் எழுத்து எழுத்தாகச் செய்தி கடத்தும் ஒரு சீரியல் கேபிளைச் செருகி, மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டரை உட்காரவைத்து, கெர்னல் சொல்லச் சொல்ல அதைக் கேட்டு எழுதிக்கொள்ளச் செய்யலாம். போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரே, அந்த ஏற்பாடு.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி வைத்தேன். சுவரில் ஓட்டை போட்டுக் கேபிளை இழுத்தேன். வேகம் கூட்டினால் எழுத்து சிதறியது, ஆகவே மிகக் குறைந்த வேகத்தில் வைத்தேன். வருகிற வரிகளை அந்தப் பழைய கம்ப்யூட்டர் சேர்த்து வைத்து எனக்கு மெயிலில் அனுப்பும். மேலாளர் தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார். தனக்கு வருவது மேலிடத்துக்கும் போகட்டும் என்றும் சொன்னார். போகட்டும், எனக்கென்ன?

அடுத்த செவ்வாய் பதினோரு மணிக்கு நாலாம் நம்பர் நின்றது. ஏ.சி. ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்தான் எங்களுக்குக் கூட்டமான நாள். ஆறு கிளைகளிலிருந்தும் மாதிரிகள் அன்றுதான் வந்து இறங்கும். ஓடிப்போய்ச் சாமான் அறையில் பார்த்தேன். கேபிள் வழியாக வந்திருந்ததெல்லாம் வெறும் வெட்டிப் பேச்சு. பாதி வரியில் பேச்சு அறுந்திருந்தது. நான்தான் போதிய விவரம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கெர்னலின் பேச்சுக்கு எட்டு படிகள் உண்டு. மேல்படி, உயிர் போகிற சங்கதி. கீழ்ப்படி, தும்மினேன் இருமினேன் ரகம். முதலில் மேலே ஆறு படியை மட்டும் கேட்டிருந்தேன். இப்போது ஏழாக்கினேன். அடுத்த செவ்வாயும் நின்றது. பேச்சு மறுபடி பாதியில் அறுந்தது. எட்டையும் திறந்துவிட்டேன். நெட்வொர்க்கில் வந்த ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும், திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி சொல்லு, ஒன்றையும் மறைக்காதே என்றேன்.

இதே நேரத்தில் மேலாளர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் சாயங்காலம் ஒரு தடவை என்ன செய்தேன் என்று எழுதி அனுப்பச் சொன்னார். இரண்டாவது தடவை மெஷின் நின்றதும் காலையும் மாலையும் என்றார். மூன்றாவது தடவை நின்றதும் மணிக்கொரு தடவை. பத்து மணிக்கு எழுதி அனுப்பினால், அதில் ஒரு வரி புரியவில்லை என்று பத்தேகாலுக்குக் கூப்பிடுவார். விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் பதினொன்று ஆகியிருக்கும். பதினோரு மணிக்கு என்ன எழுதுவது? பத்து மணி அறிக்கையை விளக்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதுவேன். இந்த மனுஷனுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தா ஒருத்தன் வேலையை எப்பப் பாப்பான், சொல்லு!" என்றேன்.

"உங்களை நம்பலைன்னா அவரும் கேக்கத்தானே செய்வார்? ஏங்க, நீங்க அந்த மெஷினை நம்புறீங்களா?"

"நம்பினா எதுக்குடி கேபிள் போடறேன்?"

"அதானே," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். என் பக்கம் பேசிவிட்டாள் என்ற திருப்தியில் சாப்பிட உட்கார்ந்தேன்.

மாதத்தின் கடைசிச் செவ்வாய் வந்தது. வெளிக் கம்பெனியிலிருந்து ஒருவர், டை கட்டிக்கொண்டு, சர்வர்களைப் பார்வையிட வந்திருந்தார். மாட்டை விலை பேச வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஏழையும் தட்டித் தட்டிப் பார்த்தார். பெண் பத்தாவது படிக்கிறாள். நாற்பத்தாறு வயதில் வெளியே போய் நான் யார் வாசலில் நிற்பேன்?

ஆனால் ஒரு துருப்புச் சீட்டு வைத்திருந்தேன். நின்ற ஒரு நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆவதால்தான் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது என்று அதற்கு முந்தின நாள்தான் எனக்கு மண்டையில் உறைத்திருந்தது. சொல்ல வேண்டிய வரிகள் உள்ளே வரிசையில் காத்திருக்க, நான் ஆளை எழுப்பி உட்காரவைத்துவிடுகிறேன். அதனால் தானாக எழும் ஏற்பாட்டை நிறுத்திவைத்தேன். இந்தத் தடவை அது சொல்லி முடிக்கட்டும்.

பதினொன்றேகாலுக்குப் போன் வந்தது.

"தம்பி, நாலு போயிடுச்சு," என்றார் அக்கா.

"தெரியும்க்கா. கை வைக்காதீங்க. அப்படியே கிடக்கட்டும்."

"கிடக்கட்டுமா? இங்க தொண்ணூறு பேரு சாப்பிடாம கொள்ளாம வந்து உக்காந்திருக்காங்க. நீ வந்து சொல்லு பாப்போம் அவங்ககிட்ட!"

"பதினேழு நிமிஷம்க்கா. பெரிய மனசு பண்ணுங்க."

பதினேழு நிமிடம் என்பது நான் போட்ட கணக்கு. உள்ளே தேங்கிக் கிடக்கும் பேச்சு அத்தனையும் அந்த வேகத்தில் கேபிளைத் தாண்ட அவ்வளவு ஆகும். சாமான் அறையில் நான், மேலாளர், டை கட்டியவர் மூன்று பேரும் உடைந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நின்றோம். திரையில் எழுத்துகள் ஊர்ந்தன. பொட்டலம் வந்தது. கோப்பு திறந்தது. பொட்டலம் வந்தது. மேலாளரின் சட்டைப் பையில் போன் விடாமல் கிணுகிணுத்தது. கிணுகிணுத்த அத்தனையும் மேலிடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

"எவ்வளவு விவரம் பாருங்க!" என்றார் டை கட்டியவரிடம்.

டை கட்டியவர் திரையை என்னைவிடக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பதினாறாவது நிமிடத்தில் வந்தது. ஒரு பிராசஸர் இருபத்திரண்டு விநாடியாக ஒரே வேலையில் சிக்கிக் கிடக்கிறது, மற்றதைக் கவனிக்க ஆளில்லை, ஆகவே நிறுத்துகிறேன் என்றது கெர்னல். அதன் கீழே, அந்த நேரத்தில் அது என்ன வேலையாக இருந்தது என்ற பட்டியல். டிஸ்கா, மெமரியா, எவன் அகப்படப் போகிறான்? முதல் பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன்.

சீரியல் கேபிளில் எழுத்து அனுப்பும் வேலை.

அவ்வளவுதான். நாலாம் நம்பருக்கு ஒரு நோயும் இல்லை. கூட்டமான நாளில் நான் கேட்டபடி ஒவ்வொன்றுக்கும் வரி எழுதி, அந்த வரிகளை என் ஆமைக் கேபிளில் எழுத்து எழுத்தாகத் தள்ளிக்கொண்டு நின்றதில் அதற்கு வேறெதற்கும் நேரமில்லாமல் போனது. ஏன் சாகிறாய் என்று நான் கேட்டேன். பதில் சொல்லிச் சொல்லியே செத்திருக்கிறது. நான் இன்னும் விவரமாகச் சொல்லு என்றேன். வெட்கமாக இருந்தது. வாயில்லாத அந்தப் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

டை கட்டியவர் என் காதருகே குனிந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"சார், இதைச் சொல்லாதீங்க," என்றார் மெல்ல. "முழுக் கண்காணிப்புன்னு ஏழு மெஷினுக்கும் இதையேதான் விக்க வந்திருக்கேன்."

"என்ன, கிடைச்சுதா காரணம்?" என்றார் மேலாளர்.

ஏதாவது வாயில் நுழையாத பெயரைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் மேலே தொண்ணூறு பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் சார் காரணம்," என்றேன். "அது நல்லாத்தான் இருந்துச்சு. என்ன பண்றே என்ன பண்றேன்னு கேட்டுக் கேட்டு அதை வேலை செய்ய விடலை. இந்தக் கேபிளை உருவிட்டா சரியாயிடும்."

சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே உருவினேன். நாலாம் நம்பரைக் கையால் எழுப்பினேன். இருபது நிமிடத்தில் வேலைக்கு வந்தது. அன்று மத்தியானம் முழுக்கக் கூட்டத்தைத் தனியாளாகச் சமாளித்தது. ஐந்து மணிக்கு அக்கா போன் செய்து, என்ன தம்பி பறக்குது என்றார். டை கட்டியவர் பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

வேலை போய்விட்டது என்று முடிவு கட்டித்தான் மேலாளர் அறைக்குப் போனேன். அவர் பழுது அறிக்கையை முன்னால் விரித்து வைத்திருந்தார். 'மூல காரணம்' கட்டத்தில் 'கேபிள்' என்று அழகாக எழுதியிருந்தார்.

"ரொம்ப நேர்மையா சொன்னீங்க," என்றார். "மேலிடத்துலயும் பாராட்டினாங்க. வெளிக் கம்பெனி வேண்டாம்னு முடிவாயிடுச்சு. நீங்களே பாத்துக்குங்க."

நன்றி சார் என்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா கேபிளையும் எடுத்துட்டோம். இனிமே அது நல்லா ஓடுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"நிக்காம இருந்தா ஓடுதுன்னு அர்த்தம் சார்."

"அது போதாது. நீங்க பக்கத்துலயே உக்காந்துக்குங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, என்ன பாத்தீங்க, என்ன பண்ணீங்கன்னு எனக்கு எழுதி அனுப்பிடுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் விட்டுடாதீங்க."

அடுத்த செவ்வாய் நாலாம் நம்பர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அது தன் பாட்டுக்கு ஓடியது. பதினோரு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, வேலையா?"

"இல்லடி," என்றேன். "எழுதிக்கிட்டிருக்கேன்."