தேதி கேட்டால் ஓகே அமுக்கு

1

இந்தக் கதையை நான் கட்டிவிட்டேன் என்று யாராவது பின்னால் வந்து சொல்வதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன்: கட்டியதுதான். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் கட்டாதது. அதை நான் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் காதால் கேட்டேன். (எந்த அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. எனக்கு அங்கே இன்னும் வேலை முடியவில்லை.) சான்றிதழ் ஒன்றுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையெல்லாம் தீர்ந்துபோயிருந்த நேரம். பக்கத்து மேசை அதிகாரி ஒரு புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எதிரில் நின்ற பெண்ணிடம் சொன்னார்: "இந்தத் தேதியில அந்தக் கம்பெனியே கட்டலியேம்மா."

அவள் சிரித்தாள். வயிற்றெரிச்சல் தாங்காதவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடுதான் கீழே இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில் ஈஸ்வரி" (வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது: "இரண்டு மெகாபிக்சல், பதினாறு எம்பி கார்டு, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை" (இது கதையா, கடை விளம்பரமா?)

மூன்றாவது: "அப்பாவுவின் நிலத்தில் நாற்று மஞ்சளாகிவிட்டது."

இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

அப்பாவுவின் நிலத்தில் நாற்று மஞ்சளாகிவிட்டது. எளாவூர்ப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது நிலம். அதற்கு மேற்கே இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி வந்தது. மழை பெய்யும்போதெல்லாம் கம்பெனியின் மதில் சுவருக்கு அடியிலிருக்கும் குழாயைத் திறந்துவிடுவார்கள். துரு நிறத்தில், மேலே எண்ணெய் மினுங்க, தண்ணீர் கால்வாயில் இறங்கும். மழைத்தண்ணீரோடு தண்ணீராக அப்பாவுவின் வயலுக்கு வந்து சேரும். போன போகத்தில் பாதி வயல் போயிற்று. இந்தப் போகமும் போனால் நிலத்தை விற்றுவிடுவதாக அப்பாவு சொல்லிவிட்டார். வாங்கத் தயாராக இருப்பதும் அந்தக் கம்பெனியேதான்.

ஈஸ்வரி அவருடைய மருமகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வயலில் இறங்கி வேலை செய்கிறவள் அவள்தான். அவள் கணவன் அன்புசெல்வன் வேலை செய்வது அதே கம்பெனியில், ஒப்பந்தத் தொழிலாளியாக. நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருக்கிறான்.

(இங்கேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மாமனார் வயலைக் கெடுக்கும் கம்பெனியில் புருஷனுக்கு வேலை. வசதியாக அமைத்துக்கொண்டாய் என்பீர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய் நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். அமைத்தது நானில்லை.)

3

"வாயால சொன்னா கேக்க மாட்டாங்க ஈஸ்வரி. ஃபோட்டோ எடுத்துக்கினு போ" என்று யோசனை சொன்னவள் இர்பானா. பொன்னேரிக் கல்லூரியில் ஈஸ்வரியோடு படித்தவள். பூர்வீகம் பழவேற்காடு; குடும்பத்துக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் பாத்திரக் கடை இருக்கிறது. அவள் அண்ணன் ஜலாலுதீன் வெளிநாடு போய் வந்தபோது வாங்கி வந்த டிஜிட்டல் கேமராவைத்தான் அவள் கொடுத்தாள். ஃபிலிம் கிடையாது. எடுத்ததும் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அழிக்கலாம்.

இந்தக் கேமராவைப் பற்றி நான் பொறுமையாக எழுத முயற்சி செய்கிறேன். வெயிலில் திரை கறுத்துவிடும். கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். நாலு பென்சில் பேட்டரி போட்டால் நாற்பது படம் எடுப்பதற்குள் தின்று தீர்த்துவிடும். பொத்தானை அமுக்கினால் உடனே எடுக்காது. யோசிக்கும். அமுக்கியபோது சிரித்துக்கொண்டிருந்த குழந்தை படத்தில் அழுதுகொண்டிருக்கும். பாதி அமுக்கி, பச்சை விளக்கு வந்த பிறகு முழுசாக அமுக்க வேண்டுமாம். பதற்றத்தில் யார் பாதி அமுக்குவார்கள்?

இவ்வளவையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஜலாலுதீனின் பழக்கம். பேட்டரியை உள்ளேயே விட்டால் ஒழுகிப் பொருளைக் கெடுத்துவிடும் என்று அவருக்குப் பயம். அவர் வீட்டில் டார்ச்சோ ரேடியோவோ, வேலை முடிந்தால் பேட்டரியைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, தனியாக வைப்பார்கள். கேமராவுக்கும் அதே மரியாதைதான். பேட்டரியைக் கழற்றிப் போட்டுவைத்தால் அதற்கு நாள் கிழமை மறந்துபோகும். மறுபடி போட்டதும் தேதி என்ன என்று கேட்கும். கேட்கும்போதே இரண்டாயிரம் ஜனவரி ஒன்று என்று தானே ஒன்றைக் காட்டும்.*

"தேதி கேட்டா ஓகே அமுக்கு. அது சும்மா கேட்டுகினு இருக்கும்" என்று இர்பானா சொல்லிக்கொடுத்தாள்.

ஈஸ்வரி ஓகே அமுக்கினாள்.

* ஜலாலுதீன் வீட்டு ஆல்பத்தில் தம்பி ரஃபியின் நிக்காஹ், தங்கை ரமீஸாவின் குழந்தைக்குப் பெயர் வைத்தது, மூன்று நோன்புப் பெருநாள் எல்லாமே ஒரே தேதியில் நடந்திருக்கின்றன. அந்த வீட்டில் யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. நல்ல காரியம் நடந்ததா இல்லையா, அதுதானே முக்கியம்?

4

முதல் படம் அருமையாக வந்தது. மழை விட்டு வெயில் அடித்த நேரம். மதில், குழாய், துருத் தண்ணீர், பின்னால் கம்பெனியின் புகைபோக்கி, பெயர்ப்பலகைகூட ஓரத்தில் தெரிந்தது. மனிதர்கள் யாரும் இல்லை. வலது கீழ் மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி. ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு ஈஸ்வரி புகாரோடு திருவள்ளூருக்குப் போனாள். இனி அந்த வாக்கியத்தின் இரண்டு பக்கமும் நான் கட்டியது. அதிகாரிக்கு ஆதிநாராயணன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"இந்தத் தேதியில அந்தக் கம்பெனியே கட்டலியேம்மா."

"ஃபோட்டோலதான் கம்பெனி கீதே சார்!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். இல்லாத கம்பெனி எப்பிடி ஃபோட்டோல வரும்? அப்போ ஃபோட்டோ தப்பு."

"ஃபோட்டோ சரி சார். தேதிதான் தப்பு. கேமரா தப்பா போட்டுடுச்சு."

"தேதிய தப்பா போடற கேமரா மத்ததெல்லாம் கரெக்டா போட்டுதுன்னு நான் எப்பிடி நம்பறது?"

"பின்னாடி சரியான தேதிய எழுதிக் குடுத்துடறேன் சார்."

"முன்னாடி ஒரு தேதி, பின்னாடி ஒரு தேதியா? மேல அனுப்பினா என்னைத்தானே கேப்பாங்க? சரியான தேதி போட்டு எடுத்துக்கினு வாம்மா. நானே நேர்ல வந்து குழாய மூட வைக்கிறேன்."

(ஆதிநாராயணனைக் கெட்டவராக எழுத இரண்டு முறை முயன்றேன். வாயில் வெற்றிலை வைத்தேன், மேசைக்கடியில் கை நீட்ட வைத்தேன். இரண்டும் ஒட்டவில்லை. அவர் நல்லவர்தான். வருவேன் என்றால் வருவார். அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.)

அன்று வீட்டுக்கு வந்து ஈஸ்வரி பானையைப் போட்டு உடைக்காத குறை. அன்புசெல்வன் முதலில் சிரித்தான். பிறகு, "உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? ஆபீசு கீபீசுன்னு அலையாத. எவனாவது பாத்து எங்க சூப்பர்வைசராண்ட சொன்னா நம்ம சோத்துல மண்ணுதான்" என்றான்.

"உங்க நைனா நெலம் போவுது. அது சோறு இல்லியா?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

5

இந்த அன்புசெல்வன் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே என்ன வேலை என்று ஈஸ்வரி கேட்டால் "மெயின்டனன்ஸ்" என்பான். அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் வேலை என்னவென்று தெரியாமல் நாலு பகுதி எழுதிய எழுத்தாளனை நீங்கள் தாராளமாகத் திட்டலாம்.

அதற்குள் ஈஸ்வரி மறுபடி கும்மிடிப்பூண்டி போய் கேமராவை வாங்கி வந்துவிட்டாள். இந்த முறை அவளும் இர்பானாவும் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து, கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்து, அம்புக்குறிகளை அமுக்கி அமுக்கி வருடம், மாதம், நாள் எல்லாம் வைத்தார்கள். புதுப் பேட்டரியும் போட்டார்கள். ஜலாலுதீனுக்கு மனசு கேட்கவில்லை.

"பேட்டரிய உள்ளயே வெச்சிகினு போவாதம்மா, ஒழுவிடும்."

"ஒழுவட்டும்ண்ணா!" என்றாள் ஈஸ்வரி. வேறு எந்தச் சூழ்நிலையிலும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டாள். கேமராவை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மூடி, மழைக்காகக் காத்திருந்தாள்.

6

மழை வந்தது. (நான்தான் வரவைத்தேன். தொடக்கத்தில்தான் வேண்டாமென்றேன்.)

மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டது. ஈஸ்வரி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் நின்றாள். குழாயிலிருந்து தண்ணீர் சிவப்பாகக் கொட்டியது. கேமராவை ஆன் செய்தாள், லென்ஸ் விர்ரென்று வெளியே வந்தது. திரையில் தேதி சரியாக இருந்தது. இரண்டு முறை பார்த்தாள். யாரும் இல்லை. அமுக்கினாள். முழுசாக, ஒரே அமுக்காக.

கேமரா யோசித்தது.

அது யோசித்த அந்த நேரத்துக்குள் மதிலின் சிறு கதவு திறந்து ஒருவன் வெளியே வந்தான். குழாய் வாயில் பிளாஸ்டிக் பை ஒன்று சிக்கியிருந்தது. குனிந்து அதைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் கேமராவுக்குப் படம் எடுக்கத் தோன்றியது. இருட்டாயிருந்ததால் தானாகவே ஃபிளாஷும் அடித்தது. அதை அணைக்க ஈஸ்வரிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அன்புசெல்வன்.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். வந்து, அவனை எடுத்துவிட்டு அங்கே கலியன் என்று ஒருவனை நிற்க வைத்துப் பார்த்தேன். ஈஸ்வரி யோசிக்காமல் மறுநாளே திருவள்ளூருக்குப் போய்விட்டாள். நன்றாகவே இருந்தது. ஆனால் கலியனுக்கும் ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஒருத்தி இருப்பாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் யாரென்று தெரியாததால் மட்டுமே அந்த முடிவு சுலபமாக இருந்தது. எனவே அன்புசெல்வனையே திரும்பக் கூட்டிவந்தேன். எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.)

அவன் உள்ளே போனான். குழாயில் தண்ணீர் குறைந்து, சொட்டி, நின்றது. இன்னொரு படம் எடுக்க இனி அங்கே ஒன்றுமில்லை. ஃபிளாஷைப் பார்த்த பிறகு பகலில் திறக்கவும் மாட்டார்கள்.

7

சாமர்த்தியசாலிகளான வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்: ஸ்டூடியோவில் கொடுத்து அன்புசெல்வனை மட்டும் வெட்டிவிடலாமே? நானும் அதைத்தான் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் குனிந்திருப்பது வலது கீழ் மூலையில். அந்த மஞ்சள் எழுத்துத் தேதி, இத்தனை பாடுபட்டு வைத்த சரியான தேதி, அவனுடைய நீலச் சட்டையின் மேல் விழுந்திருக்கிறது. அவனை வெட்டினால் தேதியும் போகும். தேதி வேண்டுமென்றால் அவனும் வருவான்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஈஸ்வரி படத்தைக் கொடுக்கிறாள். ஆதிநாராயணன் சொன்னபடி வருகிறார், குழாயை அடைக்கிறார்கள். கம்பெனி, "ஒப்பந்த ஆள் ஒருவன் தெரியாமல் திறந்துவிட்டான்" என்று படத்திலிருப்பவனைக் கைகாட்டுகிறது. வயல் பச்சையாகிறது. வீட்டில் யாரும் யாரோடும் (முடிக்கவில்லை.)

ஈஸ்வரி அழிக்கிறாள். தை மாதம் அப்பாவு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். அன்புசெல்வனை நிரந்தரமாக்குகிறார்கள். அவர்களுடைய வயல் இருந்த இடத்தில் (இதையும் முடிக்கவில்லை.)

அன்புசெல்வனே படத்தோடு ஆபீசுக்குப் போகிறான். (எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவ்வளவு தைரியத்தை அவனுக்கு நான் எங்கிருந்து கொடுப்பது? என்னிடமே இல்லை.)

8

நடந்தவரை சொல்கிறேன். ஷிப்ட் முடிவதற்குள்ளேயே அன்புசெல்வன் வெளியே வந்து, கால்வாயைத் தாண்டி, புதருக்கு இந்தப் பக்கம் வந்தான். ஈஸ்வரி நகரவில்லை. அவளுக்குக் கோபம். யார் மேல் கோபம் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

"வேலைக்குச் சேந்ததுலேந்து."

"நாத்து நட்டன்னிக்கு என்கூட எறங்கி நட்டியே."

"ஆமா."

"அன்னிக்கு மழ பேஞ்சுதே. சாயங்காலம் ஷிப்டுக்குப் போனியே."

"ஆமா" என்றான் மறுபடியும். கையிலிருந்த எண்ணெய்க் கறையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தான். குனிந்திருந்த தன்னைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இந்த வாட்டி தேதி கரீட்டா கீது" என்றான்.

பிடுங்கவில்லை. அழி என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. அவள் தலையிலிருந்து நழுவிய சாக்கை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி, மழையிலேயே நின்றுகொண்டான்.

திரையில் குப்பைத்தொட்டிப் படம். அழிக்கவா என்று கேட்கிறது. ஆம், இல்லை இரண்டும் இருக்கின்றன. ஈஸ்வரியின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருக்கிறது. என்னால் அந்த விரலை எந்தப் பக்கமும் நகர்த்த முடியவில்லை. ஒரு வாரமாகப் பார்க்கிறேன், வெறுப்பாக இருக்கிறது. இந்தப் படத்தில் யாரையாவது ஒருவரை வெறுக்க முடிந்திருந்தால் எப்போதோ முடித்திருப்பேன்.

நான் எழுந்துகொள்கிறேன். அவள் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை, நனைந்துகொண்டு வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.