ஏழாவது கலக்கம்

அந்த நகரத்தில் குடியேற வேண்டுமென்றால் ஏழு கலைப்பொருள்களைப் பார்த்து மனம் கலங்க வேண்டும். கலங்கியதை அருங்காட்சியக அலுவலர் கண்ணால் பார்த்து முத்திரை வைப்பார். ஏழு முத்திரை சேர்ந்தால் குடியிருப்பு அட்டை கிடைக்கும். திருப்பூரில் இருபத்திரண்டு வருடம் பனியனுக்குத் தரம் பார்த்த நாச்சிமுத்துவுக்கு இது நியாயமாகவே பட்டது. வாடகை ஒப்பந்தம், தடுப்பூசிச் சான்று, கலக்கம். எந்த நாட்டில்தான் காகிதம் கேட்கவில்லை?

ஆறு முத்திரையை மூன்று வாரத்தில் வாங்கிவிட்டார். அந்தரத்தில் தொங்கிய கழிவறைக் கதவைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்பக்கம் கைப்பிடி வைத்த தேநீர்க் கெண்டியைப் பார்த்தபோது மட்டும் நிஜமாகவே கலங்கினார். இதை எந்த மகராசன் வாங்குவான் என்று. அலுவலர் வித்தியாசம் பார்க்கவில்லை. முத்திரை வைத்தார்.

மனைவி கோகிலவாணி கூடவே வந்தாள். மனைவிமார் கணவனின் கலக்கத்திலேயே அடக்கம் என்று விதி இருந்தது.

ஏழாவது முத்திரைதான் இழுத்தடித்தது. அது நாற்காலிக் கூடத்தில் கலங்க வேண்டிய கலக்கம். கூடத்துக்குப் போகும் தாழ்வாரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. திங்கள்கிழமை பத்து நிமிடம். வியாழக்கிழமை போனபோது நாற்பது நிமிடம் ஆயிற்று. உள்ளே நூறு நாற்காலிகள் இருந்தன. எதிலும் உட்காரக் கூடாது.

“ஏனுங்க, நூறு நாற்காலியப் போட்டு வெச்சு ஒண்ணுலயும் உக்காரக் கூடாதுன்னா இவிங்கெல்லாம் என்ன மனுசங்க?” என்றாள் கோகிலவாணி. “முட்டி கழண்டுரும்போல இருக்குது.”

“மெதுவாப் பேசு புள்ள. கலைங்கறாங்க.”

“உக்கார முடியாதது கலைன்னா, நம்ம ஊர் டவுன் பஸ் பூராக் கலைதான்.”

சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் உள்ளே வந்தது. கூட்டத்தைக் கண்டதும் நாச்சிமுத்துவின் கை தானாக வேலை செய்தது. பழனி பஸ்ஸில் ஜன்னல் வழியாக எத்தனை வருடம் செய்த காரியம். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி ஒரு சிவப்பு நாற்காலியின் மேல் வீசினார்.

கூட்டம் இரண்டு எட்டு பின்வாங்கியது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

கோகிலவாணி திரும்பி வந்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். இருபது வருடத் தாம்பத்தியம், விளக்கம் தேவைப்படவில்லை. அதை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பக்கத்துச் சுவரில் ஒரு பலகை இருந்தது. “காத்திருப்பு. பெண், நாற்காலி. நகரத்தின் நிரந்தரச் சேகரிப்பு.” மை இன்னும் காயவில்லை.

அலுவலர் வந்தார். அந்த நகரத்தில் அலுவலர்கள் எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள், வானொலியில் செய்தி வாசிப்பதைப் போல. இவருக்குக் கூடுதலாக ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அடி உயர்ந்தார்.

“சார், அது என்ற சம்சாரமுங்க.”

“முன்னர் அவ்வாறு இருந்திருக்கலாம்.”

“சும்மா எடம் புடிச்சமுங்க. கால் வலிக்குதுன்னு சொன்னாளுங்க.”

“ஆம். இடம் பிடித்தவர் தாங்களே. எதுவரை என்று துணியில் குறிப்பிடவில்லை. எனவே நிரந்தரம்.”

கோகிலவாணி எழுந்தாள். “இந்தாளுகிட்ட என்னங்க பேச்சு? வாங்க போலாம்.” கதவை நோக்கி நடந்தாள். கால் மணி நேரம் நடந்தாள். கதவு தூரத்திலேயே இருந்தது. களைத்துப்போய்ப் பின்னால் ஒரே ஓர் எட்டு வைத்தாள். நாற்காலி முழங்காலின் பின்புறத்தில் இடித்தது. உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “என்னைய வெளிய உடச் சொல்லுங்க!” என்று கத்தினாள். நாச்சிமுத்துவுக்குக் கண்ணீர் கொட்டியது. அலுவலர் வெகு உயரத்திலிருந்து குனிந்து, விரலால் ஒரு துளியைத் தொட்டுப் பார்த்து, ஏழாவது முத்திரையை வைத்தார்.

கூட்டம் கைதட்டியது. கறுப்புக் கண்ணாடி போட்ட விமர்சகர் ஒருவர் முன்னால் வந்து, “என்ன ஒரு துணிச்சலான மௌனம்!” என்றார்.

“மௌனமா? என்னைய வெளிய உடுங்கடான்னு கத்தீட்டிருக்கறேன், மௌனமாம்!” என்று கோகிலவாணி கத்தினாள்.

விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பேட்டில் ‘மௌனம்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அலுவலர் அட்டையுடன் இன்னொரு தாளையும் தந்தார். “இது கலக்கமின்மைப் படிவம். ‘இப்பொருள் என்னைக் கலக்கவில்லை’ என்று தாங்கள் கையொப்பமிட்டால் பொருள் விடுவிக்கப்படும். ஏழாவது முத்திரை அழியும். அட்டையும் அழியும். இருவரும் ஊர் திரும்பலாம். ஓராண்டு அவகாசம்.”

“போடுங்க கையெழுத்த,” என்றாள் கோகிலவாணி. “ஊருக்கே போயர்லாங்க.”

நாச்சிமுத்து பேனாவைத் தேடினார். பேனா கையில்தான் இருந்தது.

“பேனர் வெச்சு வழியனுப்பீருக்கறாங்க புள்ள. நாப்பதடி பேனர். ஒரே மாசத்துல எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?”

“என்ற மூஞ்சியும் அந்தப் பேனர்ல இருந்துச்சுங்க.”

“ஒரு மாசம் பொறுத்துக்க. வேலைல நிலைச்சுட்டு வந்தர்றேன்.”

அவள் பொறுத்துக்கொண்டாள். அங்கே அவளுக்கு நேரத்துக்கு ரொட்டி கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் தூசி தட்டினார்கள். நாச்சிமுத்து டப்பாவில் தயிர் சாதம் எடுத்துப் போனார். பொருளுக்கு உணவூட்டக் கூடாது, பொருளைப் பார்த்தபடி தாங்கள் உண்ணலாம் என்றார் கூடத்துக் காவலர். கோகிலவாணி பார்த்துக்கொண்டிருக்க அவர் சாப்பிட்டார்.

“உப்பு இருக்குதுங்களா?”

“கொஞ்சம் கம்மி.”

இரண்டாவது மாதம் அவரை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ‘காத்திருப்பு’ தந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். மூன்றாவது மாதம் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் பேசச் சொன்னார்கள். நாச்சிமுத்து பஸ்ஸில் துண்டு போடுவதைச் சொன்னார். மாணவர்கள் அழுதார்கள். ஆறாவது மாதம் அவரும் கறுப்புக் கண்ணாடி வாங்கினார். ‘வெளி’ என்றார். ‘இன்மை’ என்றார். இரண்டும் அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை என்பது மட்டும் விளங்கியது. தரம் பார்க்கும் வேலையில் இந்தச் சௌகரியம் இருந்ததே இல்லை.

படிவம் சட்டைப் பையிலேயே இருந்தது. சலவைக்குப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொள்வார். அதில் மட்டும் அவர் தவறவில்லை.

ஒரு வருடம் முடிகிற அன்று நாற்காலிக் கூடத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் பிடித்தது. கோகிலவாணி அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“வந்துட்டீங்களா! படிவத்த எடுத்துட்டு வந்தீங்கதானுங்க?”

நாச்சிமுத்து பையைத் தொட்டுக் காட்டினார். படிவம் இருந்தது. பேனாவும் இருந்தது. கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தார். அதில் சந்தேகமில்லை.

அன்றுதான் அந்தக் கூடத்தில் ஒலிவிளக்கக் கருவி அறிமுகமாகியிருந்தது. காவலர் புன்னகையோடு ஒன்றை நீட்டினார். தங்களுக்கு இலவசம் என்றார். மரியாதைக்கு மறுக்க முடியவில்லை. காதில் மாட்டிக்கொண்டார். ஒரு கனிவான குரல் தொடங்கியது. பதினோரு நிமிடப் பதிவு.

“ஏனுங்க, அஞ்சு மணிக்குச் சாத்தீருவாங்க,” என்றாள் கோகிலவாணி. “இன்னும் ஆறு நிமிசந்தானுங்க இருக்குது. அந்தக் காதுல இருக்கறதக் கழட்டுங்க. நான் பேசறது கேக்குதுங்களா?”

அவர் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

“ஒரு நிமிசம் இரு புள்ள,” என்றார். “உன்னையப் பத்தித்தான் சொல்லீட்டிருக்கறாங்க.”