பூசையில் வாசிக்கும் பேர்

என் முகம் யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் பதினோராயிரம் பேருக்குத் தெரியும். சேனலுக்கு 'ஊமைச்சி' என்று பேர் வைத்தேன். ஜப்பான்காரன் எடுக்கும் அனிமே தொடர்களைப் பற்றி வாரம் ஒரு தடவை தமிழில் பேசுவேன். நல்லா இருந்தால் நல்லா இருக்கிறது என்பேன், குப்பை என்றால் குப்பை என்பேன். 'என் பார்வையில்', 'தவறாக நினைக்காதீர்கள்' என்றெல்லாம் இழுப்பது கிடையாது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பி.எஸ்ஸி. இயற்பியல். அந்தப் பட்டம் வாங்கித் தந்தது விழுப்புரத்தில் ஒரு ஆன்லைன் சேவை மையத்தில் ஊராருக்குப் படிவம் நிரப்பும் வேலை. திண்டிவனத்துக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து தினம் பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் என்னிடம் அபிப்பிராயம் கேட்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், குழம்பில் உப்பு சரியா என்று. மற்றதையெல்லாம் அண்ணன் ஆன்டனி முடிவு பண்ணுவான். மினி லாரி ஓட்டுகிறான். அப்பா செத்த பிறகு வீடே அவன் சொல்படிதான்.

"வேலைக்குப் போறியா, போ. வேற எவன்கிட்டயாவது போன்ல பேசிக்கினு இருக்கறது தெரிஞ்சுது, போனும் இல்ல வேலையும் இல்ல. தை பொறந்ததும் கல்யாணம்."

பதினோராயிரம் பேரிடம் பேசுகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. தெரியக்கூடாது. அந்தப் பத்து நிமிஷம்தான் வாரத்தில் எனக்கென்று இருந்தது.

அப்பாவின் ஆறாம் வருஷ நினைவு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மாதா கோயிலில் பூசை தொடங்கும்போது வாசிக்கச் சொல்லி அம்மா அப்பா பேரைக் கொடுத்திருந்தாள். அதற்கு முந்தின நாள்தான் 'கருஞ்சிறகு: இறுதி விடியல்' படத்தின் ட்ரெய்லர் வெளியாகியிருந்தது. தமிழ் டப்பிங்கோடு அடுத்த மாதம் தியேட்டருக்கு வருகிறது. எல்லோரும் பேசி முடிப்பதற்குள் நான் பேசியாக வேண்டும். தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

"அப்பனுக்குப் பூச, இவளுக்குத் தலவலி" என்றாள் அம்மா. "சாமி கேக்கும்டி உன்ன."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஜல்தி கெளம்பு."

அண்ணன் வண்டியில் இரண்டு பேரும் போனார்கள். அவன் பைக்கில் சைலன்ஸர் ஓட்டை. தெருமுனை தாண்டும் வரை சத்தம் கேட்டது. அடுப்படிக் கதவைச் சாத்தி, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பதிவு பண்ணினேன்.

முதலில் 'உப்புக் கோபுரம்', இரண்டாம் சீசன். காவியம், காவியம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாம் எபிசோடில் ஒருவன் வாளை உருவுகிறான், ஆறாம் எபிசோடில்தான் வெட்டுகிறான். நடுவில் அவனுடைய சின்ன வயசு, எதிரியின் சின்ன வயசு, விட்டால் வாளின் சின்ன வயசு. அடுத்து 'மறுபிறவி மீன்கடை'. ஆபீஸ்காரன் லாரியில் அடிபட்டுச் செத்து, வேறு உலகத்தில் மீன் வெட்டி, கடைசியில் ராஜாவாகப் போகிறான். இந்த சீசனில் மட்டும் இப்படி லாரியில் அடிபட்டுப் போனவர்கள் நான்கு பேர். "எங்க பைபாஸ்லயும் ஆளுங்க லாரியில அடிபடறாங்க. அதுல ஒருத்தரும் எங்கேயும் ராஜாவானதா இதுவரைக்கும் தகவல் இல்ல" என்றேன். எங்கள் வீட்டு ஆள்தான் ஒருவர் அப்படிப் போனார். அதைச் சொல்லவில்லை.

'மாடியில் மழை' ஒன்றைத்தான் பாராட்டினேன். பதினோரு வாரமாக அதில் வரும் பெண் தனக்குப் பிடித்தவனுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை, பரவாயில்லை. கல்லூரிப் படிவத்தில் 'பெற்றோரின் படிப்பு' என்ற இடத்தில் அவள் பேனாவை வைத்தபடி எழுதாமல் இருக்கும் காட்சிக்காக மீதி எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

கடைசியில் 'கருஞ்சிறகு' தொடரை முடிக்கும் படம். நட்சுனோ என்று ஒரு வில்லாளி. மூன்று சீசனாக ஹீரோவைவிட நன்றாகச் சண்டை போட்டவள். ட்ரெய்லரின் இருபதாவது விநாடியில் அவள் கல்லறை வருகிறது. ஹீரோ மழையில் முட்டிபோட்டுக் கத்துகிறான். "இவனுக்குக் கோவம் வரணும்னா அவ சாவணுமா? மூணு சீசன் அவள வளர்த்தது பலி குடுக்கத்தானா? படம் ஓடும், ஆனா மட்டமான படம். காசு குடுத்துப் பார்க்காதீங்க."

அம்மா திரும்புவதற்குள் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் கமெண்டில் திட்டு குவிந்திருந்தது. அது பழக்கம்தான். 'பொட்டச்சிக்கு இன்னா தெரியும்' என்று நூறு பேர் எழுதினால் அறுபது பேருக்காவது பதில் போடுவேன். நடுவில் ஒன்று மட்டும் திட்டாமல் இருந்தது. 'சிறகன்' என்று பேர். முகப்பில் கருப்புச் சிறகின் படம்.

'அடைக்கலராஜ் அவர்களின் ஆன்மா சாந்தியடையட்டும்.'

என் அப்பா பேர்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் வீடியோவை நானே கேட்டேன். ஏழாவது நிமிஷம், லாரி ஜோக்குக்கு அடுத்து நான் மூச்சு வாங்கும் இடம். அடியில் மெலிசாக, பூசையில் பேர் வாசிக்கும் கோயில் உபதேசியார் குரல். ஊர்ப் பேர், கோயில் பேர் சொல்லி, "இன்றைய திருப்பலியை, காலஞ்சென்ற அடைக்கலராஜ் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மனைவி லூர்துசெல்வி, மக்கள் ஆன்டனி, பவுலின் ஒப்புக்கொடுக்கிறார்கள்."

கோயில் மணிக்கூண்டு ஒலிபெருக்கி எங்கள் வீட்டைப் பார்த்தே கட்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது எங்கள் காதில் விழுவதில்லை. தெருவில் நாய் குரைத்தால் பதிவை நிறுத்துகிறவள், என் பேரை ஊருக்கே வாசித்ததைக் கேட்கவில்லை.

வீடியோவை அழித்தேன். ஐந்து நிமிஷத்தில் அவனிடமிருந்து தனிச் செய்தி வந்தது. என் வீடியோவின் அந்த இடம் மட்டும் வெட்டி அனுப்பியிருந்தான். கீழே: 'அழிச்சா போயிடுமா தங்கச்சி? சனிக்கிழமைக்குள்ள அதே குரல்ல மன்னிப்பு கேட்டு, படம் சூப்பர்னு சொல்லு. இல்லன்னா ஞாயித்துக்கிழம உனக்குப் பூச.'

செவ்வாய்க்கிழமை வேலையில் இருந்தேன். மையத்தில் என்னோடு இருப்பவள் அருணா, விழுப்புரத்துக்காரி. பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் கடை வாட்ஸப் நம்பருக்கு ஃபைல் அனுப்புவார்கள், அவள்தான் திறப்பாள். பதினோரு மணி இருக்கும்.

"ஏய் பவுலின், யாருடி இது? கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அனுப்பிருக்கான். செத்தவ பேரும் பவுலினாம்."

எட்டிப் பார்த்தேன். கருப்பு பார்டர், இரண்டு மூலையிலும் விளக்கு. 'பவுலின், பி.எஸ்ஸி.' மறைந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'ஞாயிறு' என்று மட்டும். நடுவில் போட்டோவுக்கான கட்டம் வெள்ளையாக இருந்தது.

"படம் வைக்கலியே, கேக்கறேன் இரு" என்று அருணா டைப் பண்ணிவிட்டாள். உடனே பதில் வந்தது.

'போட்டோ நேர்ல எடுத்துக்கிறேன்.'

அருணா என் முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இங்க வேல செய்றது எப்பிடித் தெரியும் அவனுக்கு?"

"ஊர்ல அடைக்கலராஜ் பொண்ணு எங்க வேல செய்யுதுன்னு கேட்டா டீக்கடைலயே சொல்லுவாங்க. பெருமையா சொல்லுவாங்க."

"போலீசுக்குப் போலாம், வா."

"மொதல்ல இன்னா கேப்பாங்க? வீட்ல யாரு இருக்கா, கூட்டிக்கினு வான்னுவாங்க. அண்ணன் வருவான். அதோட முடிஞ்சுது."

"அப்ப ஒரு சாரிய சொல்லித் தொலையேன். கார்ட்டூனுக்காடி உயிர வுடுவ?"

"கார்ட்டூன் இல்ல, அனிமே."

"ஆமா, சாவும்போது அத கரெக்டா சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மன்னிப்பைப் பதிவு பண்ணிப் பார்த்தேன். 'அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், படம் நன்றாகவே இருக்கும்.' போட்டுக் கேட்டேன். அது ஊமைச்சி குரல் இல்லை. உப்பு சரியா என்று அண்ணன் கேட்கும்போது 'சரியா இருக்குண்ணா' என்று சொல்லும் குரல். அழித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் அந்தோணி பிரபு மெழுகுவர்த்திப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாளைப் பூசையில் யார் யாருக்காக வேண்டுவது என்று எழுதும் கருத்து நோட்டைக் கேட்டேன். மூன்றாவது வரியில் இருந்தது. 'பவுலின், ஆன்ம இளைப்பாற்றி. நண்பர்கள், விழுப்புரம்.'

"யாருங்க குடுத்தது?"

"நேத்து ஒரு தம்பி பைக்ல வந்துது. சின்ன வயசுல போய்ட்டா, தங்கச்சி மாதிரின்னு சொல்லுச்சு. பாவம், தங்கமான புள்ள. உங்க வீடு எதுன்னு கேட்டுச்சு, காட்டி வுட்டேன். அப்பாவத் தெரியும்னுச்சே."

வீட்டைக் காட்டியே விட்டிருக்கிறார்.

"அது என் பேருங்க."

"உன் பேரு உள்ள வேற புள்ளம்மா. உசுரோட இருக்கறவங்களுக்கு யாராவது குடுப்பாங்களா?"

"வாசிக்காதீங்க."

பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "குடுத்தவங்களக் கேக்காம அடிக்கக்கூடாது. ஒண்ணு செய்யலாம். பெரச்சினன்னா ஆன்டனிய வரச் சொல்லு. அவன் ஒரு வார்த்த சொன்னா எடுத்துடறேன்."

செத்தவர்கள் பட்டியலிலிருந்து என் பேரை எடுக்கவும் அண்ணன் சொல்ல வேண்டும். நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தேன்.

"இருக்கட்டுங்க. வாசிங்க. நல்லா சத்தமா வாசிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் தலைவலி என்றேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சுடலியே. போன வாரமும் இதே கதை." வாசலில் அண்ணன் ஹாரன் அடித்தான். "வந்து வெச்சிக்கிறேன் உன்ன" என்றுவிட்டு அவனோடு போனாள்.

போர்வை எடுக்கவில்லை. அடுப்படி ஜன்னலைத் திறந்து, போனை அதன் மேல் சாய்த்து வைத்து, நேரலையைப் போட்டேன். இதுவரை நேரலையில் வந்ததில்லை. முகத்தையும் காட்டியதில்லை. நூறு பேர், முந்நூறு பேர் என்று ஏறியது. 'ஏய், ஊமைச்சிடா', 'இதுவா அவ?' என்று ஓடியது. எதையும் படிக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் யாரும் எதுவும் எழுதாதீங்க. வெளிய கேக்கற சத்தத்தக் கேளுங்க" என்றேன்.

மணி அடித்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. உபதேசியார் முதல் இரண்டு கருத்தை வாசித்தார். நான் சொன்னபடியே மூன்றாவதைச் சத்தமாக வாசித்தார்.

"...பவுலின் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, விழுப்புரம் நண்பர்கள் ஒப்புக்கொடுக்கிறார்கள்."

கோயிலில் அம்மா தலையைத் தூக்கியிருப்பாள். அண்ணன் எழுந்திருப்பான். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"அந்தப் பவுலின் நான்தான். இன்னும் சாவல. ஒரு படம் மட்டம்னு சொன்னதுக்கு சிறகன்னு ஒருத்தன் எனக்குப் பூசை குடுத்திருக்கான். போஸ்டரும் அடிச்சி வெச்சிருக்கான், போட்டோ மட்டும் பாக்கியாம். இந்தா, என் மூஞ்சி. அவன் எழுதினதெல்லாம், அவன் போன் நம்பரோட கீழ போட்டிருக்கேன். எனக்கு எதனா ஆச்சுன்னா எங்க தேடணும்னு தெரிஞ்சிக்கோங்க. இப்ப படத்துக்கு வர்றேன். போன வாரம் மட்டம்னேன். ட்ரெய்லர இன்னும் நாலு தடவ பார்த்தேன். அதே மட்டம்தான். நட்சுனோவக் கொல்றதுக்கு..."

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டை சைலன்ஸர் இல்லை. சத்தமே இல்லாமல் வந்து நின்றது.

செருப்பைக் கழற்றாமல் யாரோ படியேறினார்கள். கதவை இரண்டு தடவை தட்டினார்கள்.

"பவுலின் வீடு இதானுங்களா?"

மரியாதையான, சின்ன வயசுக் குரல். உபதேசியார் சொன்னது போலத் தங்கமான பிள்ளையின் குரல். போனை ஜன்னலிலிருந்து எடுத்தேன். ஆயிரத்து நாற்பது பேர் என்று காட்டியது. நடுக்கூடத்தைத் தாண்டி வந்து, கதவுக்கு நேராகப் போனைப் பிடித்தேன். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"ஆமாங்க, இதான். உங்க பேரச் சொல்லுங்க, சத்தமா. நெறைய பேரு கேட்டுக்கினு இருக்காங்க."

கதவின் அடி இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் இருந்தது.

கோயில் பக்கமிருந்து அண்ணன் வண்டியின் சத்தம் கிளம்பியது. பூசை முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சத்தம் தெருவுக்குள் திரும்பியது. கதவுக்கு அந்தப் பக்கம் நிழல் நகரவில்லை. நானும் போனை இறக்கவில்லை.