உன் இஷ்டம்

"உன் இஷ்டம்" என்று என் கணவர் அன்று எத்தனை முறை சொன்னார் என்று எண்ணுவதை நான் பாதியிலேயே விட்டுவிட்டேன். ரயிலில் சொன்னார். அரங்க வாசலில் பையைச் சோதித்தபோது சொன்னார். சொல்லும்போதெல்லாம் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இஷ்டம் எனக்கு, முகம் அவருக்கு. இது என்ன பாகப்பிரிவினையோ தெரியவில்லை.

அது மருத்துவ மேற்படிப்புக்கான கவுன்சிலிங். முன்னால் ஒரு பெரிய திரை. மிச்சம் இருக்கிற சீட் பச்சை, போய்விட்ட சீட் சிவப்பு. ரேங்க் வரிசையில் கூப்பிடுவார்கள். முதல் மேஜையில் எந்த ஆஸ்பத்திரி, எந்தத் துறை என்று வாயால் சொல்ல வேண்டும். அடுத்த மேஜையில் கையெழுத்து. கையெழுத்துப் போடும்வரை மாற்றிக்கொள்ளலாம். போட்டுவிட்டால் மூன்று வருஷம் அசைய முடியாது.

எனக்கு இரண்டு பச்சை. ஒன்று எங்கள் ஊரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ரேடியாலஜி. ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடமே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜரி. இரண்டிலும் ஒரே ஒரு சீட்தான் பாக்கி.

எனக்குச் சர்ஜரிதான் வேண்டும். பூசி மெழுக ஒன்றுமில்லை. பயிற்சி டாக்டராக இருந்தபோது, பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தைக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. எல்லாம் முடிந்து மூடும்போது, தோலின் கடைசித் தையலைப் பெரிய டாக்டரம்மா என்னிடம் விட்டார். என் கை ஆடவில்லை. இந்தக் கை எதற்கு இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது.

ஆனால் வீட்டில் மூன்று வயதில் ஒரு வாயாடி இருக்கிறாள். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். அவருக்கு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு என் பின்னால் வர முடியாது. அத்தையிடம் சொன்னபோது, "நீ எங்க வேணா போம்மா, பிள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார். அதன் பிறகு சமையலறையில் பாத்திரங்கள் உருண்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

எனக்கு முந்தின ரேங்க் ஒரு நெட்டைப் பையன், அப்பாவோடு வந்திருந்தான். இந்த அரங்கத்தில் முன்னால் இருப்பவனிடம் எதை எடுக்கப் போகிறாய் என்று கேட்காத ஆள் கிடையாது. உண்மையைச் சொல்லும் ஆளும் கிடையாது. தெரிந்தும் கேட்டேன்.

"ஸ்கின்தான்க்கா. தோல் டாக்டராகணும்," என்றான்.

அவன் அப்பா தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் மேஜைக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

திரையில் என் சர்ஜரிப் பச்சை இன்னும் இருக்கிறதா என்று திரும்பவும் பார்த்துக்கொண்டேன்.

பயந்தபடியே ஆயிற்று. பையனைக் கூப்பிட்டார்கள். அப்பாவும் கூடவே போனார். அவன் வாயைத் திறப்பதற்குள் அவர், "சர்ஜரி" என்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"தம்பி, நீங்க சொல்லணும்," என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். திரையில் என் பச்சை சிவப்பானது.

பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. துக்கப் பெருமூச்சு எது, நிம்மதிப் பெருமூச்சு எது என்று தெரியாமலா இத்தனை வருஷம் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு திரிகிறேன்?

"விடும்மா. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார் கணவர். குரல் நிஜமாகவே கனிந்திருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "வீட்ல காத்துட்டிருப்பாங்க. ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

வாசல்வரைதான் போனார். அவர் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது. "அம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நம்ம ஊர்லயேதான். குட்டிகிட்ட குடு... குட்டி, அம்மா எங்கயும் போகலடா!"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. ஏனென்றால் சிவப்பைப் பார்த்த நொடியில் எனக்குள்ளும் ஏதோ ஒரு மூலை "அப்பாடா" என்றது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன்.

"சொல்லுங்க டாக்டர்."

வேறு என்ன சொல்ல? "ரேடியாலஜி" என்று சொல்லி, எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நான் போட மாட்டேன்."

அடுத்த மேஜையில் நெட்டையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"எல்லாரும் பாக்கறாங்கடா. மரியாதையா போடு," என்றார் அப்பா.

"பாக்கட்டும்பா. ரத்தத்தப் பாத்தா எனக்கு இன்னமும் கண்ணக் கட்டுது. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? ஒரு தடவையாவது காதுல வாங்கினீங்களா?" அவன் குரல் உடைந்தது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

மேற்பார்வை அதிகாரி எழுந்து வந்தார். "கையெழுத்து ஆகல. மாத்திக்கலாம். என்ன வேணும் தம்பி?"

"ஸ்கின்."

திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. எங்கேயோ ஒரு பச்சை சிவப்பானது. என் சிவப்பு பச்சையானது.

"நீங்க ரேடியாலஜின்னீங்க. போட்டுடட்டுமா?" அம்மாளின் விரல் மவுஸின் மேல் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மேஜைகளுக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் கணவர் போனோடு நின்றிருந்தார். முடிந்ததா என்று சிரித்த முகத்தோடு கையைத் தூக்கினார். பிறகுதான் திரையைப் பார்த்தார். தூக்கிய கை மெல்ல இறங்கியது. இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என்னை நேராகப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"டாக்டர், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

"சர்ஜரி," என்றேன்.

"என்ன?"

"சர்ஜரி. இப்ப பச்சையாச்சே, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி. அதுதான்."

கையெழுத்துப் போட அடுத்த மேஜைக்குப் போனேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டேன்.

வெளியே படிக்கட்டில் என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"போகாதேன்னு காலையிலயே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

"தெரியல. சண்டையாவது போட்டிருப்போம்."

தண்ணீர் பாட்டிலைப் படியில் வைத்தார். பிறகு போனை எடுத்து வெறுமனே பார்த்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். இப்ப என்னன்னு சொல்றது?"

"நல்லபடியாதான் முடிஞ்சிருக்கு. அதை மாத்த வேணாம்." போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். "மிச்சத்த நான் சொல்லிக்கறேன்."

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அத்தையின் குரலை எதிர்பார்த்து வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டது வேறு யாரோ.

"அம்மா! நீ எங்கயும் போகலையாமே? அப்பா சொன்னாரு!"

அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்து விழுந்தது. பக்கத்தில் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா தங்கம்," என்றேன். "போறேன்."