பாதி மொட்டை

ஹன்வோல் நகரத்தின் புதுக்குடியிருப்பில் மெட்ரோ நிலையத்துக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது, படிக்கட்டும் வந்துவிட்டது. ரயில்தான் வரவில்லை. வீடு விற்றவர்கள் காட்டிய படத்தில் அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பிக் குடிவந்தவர்களில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மிரானும் ஒருத்தி.

அவளுக்கு ஒரே மகள். தலைநகர் சியோலில் நர்ஸ் வேலை. இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் அம்மா ஆக்கிய சூப் ஆறிப்போய், அம்மாவும் மேசையிலேயே தூங்கிப்போயிருப்பாள். கடைசியில் மகள் சோல்பி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துவிட்டாள். வாசலருகே அவள் பெட்டி தயாராக இருந்தது.

"மாசக் கடைசில போறேம்மா. பஸ்ல நின்னே என் வயசு போயிடும்."

"அடுத்த வருஷம் ரயில் வந்துடுமாம்டி."

"நான் ஸ்கூல் படிக்கிறப்பவும் இதைத்தான் சொன்னே."

மிரானுக்கு ரயில்மேல் தனியாக ஒரு பாசமும் கிடையாது. மகளோடு உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரமே குடியிருப்போர் சங்கத் தலைவர் தோக்கோ கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அடர்த்தியான முடி, அதில் கொஞ்சம் கர்வம். கறுப்பு நிறம் மிரான் கடை உபயம் என்பது ஊருக்கே தெரியும்.

"ரயில் எப்போன்னு கேட்டு நகராட்சி வாசல்ல அஞ்சு பேர் மொட்டை போட்டுக்கறோம். நீங்க மெஷினோட வந்துடுங்கம்மா."

அந்த நாட்டில் அதுதான் கடைசி ஆயுதம். இது சாமிக்குப் போடும் மொட்டை அல்ல, ஆசாமிக்குப் போடும் மொட்டை. வெள்ளைத் துணி போர்த்தி, நெற்றியில் கோஷம் எழுதிய நாடா கட்டி, கேமராக்கள் முன்னால் உட்கார வேண்டும். முடி விழ ஆரம்பித்ததும் பதவியில் இருக்கும் பெரியவர் ஓடி வந்து கையைப் பிடித்துக் கலங்குவார். படம் எடுப்பார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். போன முடி மட்டும் போனதுதான்.

"முடிதான் போகும் தலைவரே, தேதி வராது," என்றாள் மிரான்.

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

வழி ஒன்றும் தெரியாததால் மெஷினை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் தலை தோக்கோவுடையது. மிரான் இடப்பக்கத்தை நெற்றியிலிருந்து பிடரிவரை வழித்து முடித்திருந்தாள். அதற்குள் மேயர் பியோன் படியிறங்கி வந்து தோக்கோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் ஐயா, நிறுத்துங்க. உங்க வேதனை என் வேதனை. சாதகமா பரிசீலிச்சுக்கிட்டிருக்கோம்."

கேமராக்கள் மின்னின. தோக்கோவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர், யாராவது கையைப் பிடித்தால் கரைந்துவிடுவார். எழப் போனவரின் தோளை மிரான் அழுத்தினாள். மெஷினை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

தோக்கோவின் தலை ஒரு பக்கம் கருகருவென்றும் மறுபக்கம் உரித்த முட்டை போலவும் இருந்தது. மேயர் அப்போதுதான் அதை நன்றாகப் பார்த்தார்.

"ஏம்மா, இவரை இப்படியேவா விடப்போறீங்க?"

"முடிச்சுடுவேன் ஐயா. சாதகமா பரிசீலிச்சுக்கிட்டிருக்கேன்."

"எப்போ முடிப்பீங்க?"

"தேதி சொல்ல முடியாதுங்க. நாலு துறையோட கலந்து பேசணும். மழைக்காலம் வேற வருது."

நிருபர்களில் யாரோ சிரித்தார்கள். மிரான் விடவில்லை.

"ஒரு தலை பாதியில நிக்கிறதுக்கே எப்போன்னு கேக்கறீங்க. ஒரு ஊரே பாதியில நிக்குதே ஐயா. எம்பொண்ணு வீட்டை விட்டுப் போறா. நாங்க எப்போன்னு கேக்கக் கூடாதா?"

தோக்கோவுக்கு இப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது. போர்த்தியிருந்த துணியை உதறிவிட்டு எழுந்தார்.

"தேதி வர்றவரைக்கும் இந்தத் தலைதான். தொப்பி கூடப் போட மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். ஊர்ப் பொதுக் குளியல்கூடத்துக்கு அப்படியே போனார். சந்தைக்குப் போனார். பேத்தியின் பள்ளி விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் "மேயரைக் கேளுங்க" என்று ஒரே பதில். கேட்கவும் செய்தார்கள். மேயர் பாலம் திறக்கப் போனாலும் பூங்கா திறக்கப் போனாலும் அந்தத் தலையைப் பற்றித்தான் முதல் கேள்வி வந்தது.

கடைசியில் மேயரே குடியிருப்புக்கு வந்தார். மேடை போடவில்லை, மாலை கிடையாது. ரயில்களை நிறுத்திவைக்கும் பணிமனைக்கு நிலமே இன்னும் வாங்கவில்லை என்றார்.

"அப்போ அடுத்த வருஷம் ரயில் வந்துடும்னு சொன்னீங்களே, அது?" என்று மிரான் கேட்டாள்.

"தெரிஞ்சேதான் சொன்னேன். தப்புதான்."

இடுப்பு வளைய வணங்கினார். கூட்டம் கத்தவில்லை. நிஜம் கேட்டுப் பழக்கமில்லாததால் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. பிறகு கேள்விகள் வந்தன, சூடாகவே வந்தன. கூட்டம் கலைவதற்குள் மேயர் புதுத் தேதி ஒன்று சொன்னார். மாதாமாதம் முதல் திங்கட்கிழமை இதே இடத்தில் நின்று, என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று சொல்வதாக ஒப்புக்கொண்டார். ரயில் வரும்வரை சியோலுக்கு நேர் பஸ்.

தோக்கோ கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"வழிச்சுடுங்கம்மா. ரெண்டு பக்கமும் ஒண்ணா வளரட்டும். ரயில் வர்றன்னிக்கு வகிடு எடுத்துச் சீவிக்கிட்டு ஏறணும்."

அதன்பின் மாதக் கூட்டத்துக்கு மிரான் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனாள். மேயரின் கண் முதலில் அந்தப் பையின்மேல்தான் விழும். நிலம் வாங்கியாயிற்று என்று அவர் சொன்ன மாதம், அன்று மாலையே பாதிக் குடியிருப்பு நடந்துபோய் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தது.

ஆனால் மிரானுக்கு மறக்காத நாள், சோல்பி கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருக்கையில் நேர் பஸ் ஓடத் தொடங்கிய நாள்தான். சோயா சூப்பை இறக்கிவைத்துவிட்டு வாசலைப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"என்னம்மா, இன்னும் கொதிக்குதா?"

சோல்பி செருப்பைக் கழற்றினாள். வாசலருகே குனிந்து, கட்டிவைத்திருந்த பெட்டியைப் பிரித்து, தன் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.